கடலூர் மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான நேர்முறை ஆதரவுச் சேவைகளும் பொதுக் கண்காணிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனநோய் ஆகியவற்றோடு வாழ்பவர்களுக்காக நடத்தப்படும் சிறப்புப் பள்ளிகள், பகல்நேர மையங்கள், தங்கி வாழும் இல்லங்கள் ஆகியவற்றை யார் கண்காணிக்கிறார்கள், பெற்றோரும் ஊர்மக்களும் அதில் என்ன செய்யலாம் என்று பெற்றோர் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதால், அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே எழுதிவைக்கிறோம். சட்டங்கள் பெரும்பாலும் நாடு முழுமைக்கும் பொதுவானவை. அலுவலகங்களும் நடைமுறையும் கடலூர் மாவட்டத்தை மனத்தில் கொண்டு சொல்லப்பட்டுள்ளன.

நேர்முறை ஆதரவு என்றால் என்ன?

ஒருவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார், அருகில் இருப்பவரைக் கடிக்கிறார், உடுத்திய துணியைக் கிழித்துப் போடுகிறார் என்றால், அவரை அடக்குவதற்கு முன் அவர் எதைச் சொல்ல முயல்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்து, அதற்கேற்ப அவருடைய சூழலையும் அன்றாட ஒழுங்கையும் சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றியமைப்பதே நேர்முறை ஆதரவு. அடி, மிரட்டல், சோறு போடாமல் வைத்தல், கட்டிவைத்தல், தனியறையில் அடைத்தல் ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. அந்தச் செயலுக்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்குப் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்ற மூன்றையும் நேரத்தோடு எழுதிவைப்பதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது.

நான் சிறப்பாசிரியராகப் பணியாற்றிய ஓரிடத்தில், பேச்சு வராத சிறுவன் ஒருவன் முற்பகலில் திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு நெற்றியைச் சுவரில் இடித்துக்கொள்வான். பிடிவாதக்காரன் என்று பெயர் வைத்து, அந்த நேரத்தில் அவனை நாற்காலியோடு துண்டால் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டிருந்தது. ஆயா ஒருவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் நேரத்தைக் குறித்துவரத் தொடங்கிய பிறகு, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும் நேரமும் அவன் இடித்துக்கொள்ளும் நேரமும் ஒன்றாகவே இருப்பது தெரிந்தது. மோட்டார் அறை அவன் வகுப்பறைச் சுவருக்கு மறுபக்கம் இருந்தது. பிள்ளைகள் வருவதற்கு முன்பே மோட்டாரைப் போட்டுவிடுவதென்று முடிவானதும் துண்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பல்வலி, மலச்சிக்கல், காதில் சீழ், மாதவிடாய் வலி போன்ற சொல்ல முடியாத வலிகளும் இப்படித்தான் 'நடத்தைக் கோளாறு' என்ற பெயரில் மறைந்துபோகின்றன. ஆகவே முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகுதான் பயிற்சித் திட்டம் என்பதைப் பெற்றோர் வலியுறுத்த வேண்டும்.

நல்ல மனத்தோடு சேவை செய்கிறவர்களைக் கண்காணிப்பது அவர்களைச் சந்தேகிப்பதாகாதா?

ஆகாது. தன் வேதனையைத் தானே வெளியில் போய்ச் சொல்ல முடியாத ஒருவர் இருபத்துநான்கு மணி நேரமும் மற்றவர்களின் கையில் இருக்கிறார் என்பதே கண்காணிப்புக்குப் போதுமான காரணம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓடித் தப்ப வழியின்றி இறந்தார்கள்; 28 உயிர்கள் போயின. கூரைக் கொட்டகையில் சங்கிலியோடு மனிதர்கள் இருந்தது அந்த ஊருக்குத் தெரியாத செய்தியல்ல. அதைப் பார்த்து நிறுத்தும் பொறுப்பு யாருடையது என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது. நமக்கு அடுத்த விழுப்புரம் மாவட்டத்தில், குண்டலப்புலியூரில் இயங்கிவந்த ஓர் ஆசிரமத்தைப் பற்றி 2023 பிப்ரவரியில் கடுமையான புகார்கள் எழுந்து, உள்ளே இருந்தவர்கள் மீட்கப்பட்டு, வழக்கு சிபிசிஐடி விசாரணைக்கு மாற்றப்பட்டதையும் இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கென நடத்தப்படும் எல்லா இல்லங்களையும் திட்டங்களையும் சுதந்திரமான அமைப்புகள் முறையாகக் கண்காணிக்க வேண்டும் என்று கூறுகிறது. நல்ல இல்லம், கெட்ட இல்லம் என்று அது பிரிக்கவில்லை. நேர்மையாக நடத்துகிறவர்களுக்கு இந்தக் கண்காணிப்பால் நன்மையே உண்டு, ஏனென்றால் ஓரிடத்தில் நடந்த கொடுமைக்காக எல்லா இல்லங்களின் மீதும் ஊர் சந்தேகப்படும்போது, அவர்கள் எடுத்துக் காட்டுவதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கும்.

எந்த நிறுவனம் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும்?

மாற்றுத்திறனாளிகளுக்காகத் தனியார் நடத்தும் நிறுவனம் எதுவானாலும், பொதுவாக 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் அதைத் தொடங்கவோ நடத்தவோ கூடாது. மாவட்டத்தில் இதற்கான முதல் அலுவலகம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மனநோய்க்குச் சிகிச்சையும் தங்கும் வசதியும் தரும் இடமாக இருந்தால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைத்தால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். பதிவில்லாமல் நடத்துவதே தண்டனைக்குரிய குற்றம். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த 2014இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டமும் உண்டு.

சங்கப் பதிவுச் சான்றிதழையோ, அறக்கட்டளைப் பத்திரத்தையோ, நன்கொடைக்கு வருமான வரி விலக்கு உண்டு என்ற ஆணையையோ கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டி, "நாங்கள் அரசுப் பதிவு பெற்றவர்கள்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. அவை எதுவும் மாற்றுத்திறனாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் அனுமதி ஆகாது. சான்றிதழ் எந்தச் சட்டத்தின்கீழ் தரப்பட்டது, எந்த நாள்வரை செல்லும், எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்ற மூன்றையும் வாசித்துப் பாருங்கள்.

பயிற்சி தருபவரின் தகுதியை எப்படிச் சரிபார்ப்பது?

சிறப்பாசிரியரும் மறுவாழ்வுத் துறையின் பிற வல்லுநர்களும் 1992ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றைக் காட்டி 'சிகிச்சையாளர்' என்று பலகை வைப்பவர்கள் பெருகியுள்ள இந்நாளில், எண்ணைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அரசே நடத்தும் இல்லங்களுக்கும் பதிவு வேண்டுமா?

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54ஆவது பிரிவு, மத்திய, மாநில அரசுகள் அமைத்து நடத்தும் நிறுவனங்களுக்கு இந்தப் பதிவு விதிகள் பொருந்தா என்று விலக்கு அளித்துள்ளது. இது ஒரு பெரிய இடைவெளி என்பதே என் கருத்து. பதிவைப் புதுப்பிக்கும்போது வரும் ஆய்வுகூட அங்கே இல்லாமல் போகிறது. ஆனால் கொடுமைக்கு எதிரான பிரிவுகளும், மாநில ஆணையரின் அதிகாரமும், தகவல் அறியும் உரிமையும் அரசு இல்லங்களுக்கு முழுமையாகப் பொருந்தும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அறிவுசார் குறைபாடு முதலானவற்றோடு அரசு இல்லங்களில் வாழ்பவர்களின் நிலையை நாடு முழுவதும் ஆராயும் பொறுப்பை எட்டுத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்தது. வெளியாட்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இது வலுச் சேர்க்கிறது.

கட்டிவைப்பதற்கும் அறைக்குள் பூட்டுவதற்கும் சட்டத்தில் அனுமதி உண்டா?

மனநல நிறுவனங்களைப் பொறுத்தவரை சட்டம் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவின்படி, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும், எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது. 97ஆவது பிரிவின்படி, தனிமையில் அடைப்பது முற்றிலும் தடை. அவருக்கோ பிறருக்கோ உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்காமல் உடலைப் பிடித்து நிறுத்தலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டவோ அதைச் செய்யக் கூடாது. ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்பதைப் பதிவு செய்து, அவருடைய நியமனப் பிரதிநிதிக்கு (அவர் சார்பில் முடிவெடுக்க உதவுவதற்கென நியமிக்கப்பட்டவருக்கு) 24 மணி நேரத்துக்குள் தெரிவித்து, மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இந்தச் சட்டம் மனநோய் என்பதன் வரையறையிலிருந்து அறிவுசார் குறைபாட்டை விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் மட்டுமே வாழும் இல்லத்தில் ஒருவரை ஜன்னல் கம்பியோடு கட்டினால், மாதாந்தர அறிக்கை என்ற அந்த ஏற்பாடு அங்கே செல்லாது. அதற்காக அது அனுமதிக்கப்பட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, கொடூரமாகவோ மனிதத் தன்மையற்ற முறையிலோ இழிவுபடுத்தும் வகையிலோ நடத்தப்படுவதிலிருந்து எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. 92ஆவது பிரிவு, இழிவுபடுத்தும் நோக்கத்தோடு தாக்குவது, பராமரிப்பில் இருப்பவருக்கு வேண்டுமென்றே உணவையோ நீரையோ மறுப்பது, அவருடைய உறுப்பையோ சக்கர நாற்காலி போன்ற உதவிக் கருவியையோ பயன்படுத்த விடாமல் கெடுப்பது ஆகியவற்றுக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது.

மனநல நிறுவனங்களுக்கு உள்ள அதே பதிவேட்டு முறையை எல்லா இல்லங்களுக்கும், சிறப்புப் பள்ளி விடுதிகளுக்கும் மாநில அரசு கட்டாயமாக்க வேண்டும் என்பதே நாங்கள் வைக்கும் முதன்மையான கோரிக்கை. ஒவ்வொரு முறை ஒருவரைக் கையால் பிடித்து நிறுத்தியபோதும், அதற்கு முன் என்னென்ன முயன்றார்கள், எத்தனை நிமிடம் பிடித்தார்கள், யார் யார் பிடித்தார்கள், உடலில் காயம் உண்டா, மறுமுறை நேராமலிருக்க எதை மாற்றினார்கள் என்ற விவரம் அன்றைக்கே எழுதப்பட்டு, பெற்றோரின் கையொப்பத்தோடு, இல்லத்தைச் சேராத ஒருவரின் பார்வைக்குப் போக வேண்டும். "எங்களிடம் அப்படி எதுவும் நடப்பதில்லை" என்று சொல்லும் இல்லத்திலும் வெற்றுப் பதிவேடு இருந்தாக வேண்டும்.

மாத்திரை கொடுத்து அமைதியாக வைத்திருப்பது சரியா?

மருத்துவர் நோயைக் கண்டறிந்து எழுதித் தரும் மருந்து வேறு, மாலையில் ஆள் குறைவாக இருப்பதால் எல்லோரும் தூங்கட்டும் என்று தரும் மருந்து வேறு. பின்னது கயிறு இல்லாமல் கட்டுவதற்குச் சமம். மருந்துச் சீட்டின் நகல், மருந்தின் பெயர், அளவு, கடைசியாக மருத்துவர் நேரில் பார்த்த நாள் ஆகியவற்றைப் பெற்றோர் கேட்டுப் பெற வேண்டும். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை எச்சில் ஒழுக்கிக்கொண்டு, நடை தளர்ந்து, பகலெல்லாம் தூங்கினால், அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ மனநலப் பிரிவில் அந்தச் சீட்டோடு காட்டிவிடுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெற்றோர் எவற்றைப் பார்க்கவும் கேட்கவும் வேண்டும்?

பெற்றோரின் வருகைக்கு மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், அதுவும் வரவேற்பறையில் மட்டும் என்ற விதி இருக்குமானால், அந்த விதியைத்தான் முதலில் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். பிள்ளை படுக்கும் இடம், குளிக்கும் இடம், கழிப்பறை, சமையலறை ஆகியவற்றைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா, வெளிப்பக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இரவில் பெண்கள் பகுதியில் பெண் உதவியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். தனிநபர் பயிற்சித் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். அதில் "நடத்தை மேம்பாடு" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால், எந்த நடத்தை, எப்போது நிகழ்கிறது, அதற்குப் பதிலாக எதைக் கற்றுத் தருகிறீர்கள் என்று விளக்கச் சொல்லுங்கள். உடல் எடையை மாதந்தோறும் குறிக்கச் சொல்லுவது மிக எளிய, மிகப் பயனுள்ள கண்காணிப்பு. எடை தொடர்ந்து குறைந்தால் காரணம் கேட்காமல் விடக் கூடாது.

பிறந்த நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்கப் போகும் பொதுமக்களுக்கு இதில் பங்கு உண்டா?

நிறைய உண்டு. கடலூரிலும் புதுச்சேரியிலும் பிறந்த நாள், திருமண நாள், திதி என்று இல்லங்களுக்கு உணவளிப்பது பல குடும்பங்களின் வழக்கம். ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு குடும்பம் உள்ளே போய் வருகிறது. அலுவலர்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. அவர்களுடைய கண் இலையோடு நின்றுவிடாமல் சற்றுச் சுற்றிலும் போனால் போதும். பதிவுச் சான்றிதழ் மாட்டப்பட்டிருக்கிறதா, குடிநீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, நாம் வந்ததும் யாரையாவது ஓர் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்களா என்பதைக் கவனிக்கலாம். அங்கே வாழ்பவர்களிடம் பேசலாம். அவர்களை வரிசையாக நிறுத்திக் கைதட்ட வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தன் முகம் யாருடைய பிறந்த நாள் செய்தியில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் என்ன கேட்கலாம்?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய வெள்ளைத்தாள் மனுவே போதும். மாவட்டத்தில் பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் பதிவு முடியும் நாள், கடந்த ஆண்டில் நடந்த ஆய்வுகளின் அறிக்கை நகல், அந்த ஆய்வில் சுட்டப்பட்ட குறைகள் மீது எடுத்த நடவடிக்கை, அரசு மானியம் பெறும் நிறுவனங்களின் பெயரும் தொகையும் ஆகியவற்றைத் தனித்தனி எண் போட்டுக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம்தான். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ முதல் மேல்முறையீடு, அதன்பின் தமிழ்நாடு தகவல் ஆணையம். இல்லத்தில் வாழ்பவர்களின் பெயர், நோய் விவரம் ஆகியவற்றைக் கேட்காதீர்கள். அது அவர்களின் அந்தரங்கம், மனுவும் அதைக் காட்டியே தள்ளுபடியாகும்.

சமூகத் தணிக்கை இதற்குப் பொருந்துமா?

மாற்றுத்திறனாளிகள் தொடர்புடைய திட்டங்களை அரசு சமூகத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆவது பிரிவு சொல்கிறது. நூறு நாள் வேலையில் தணிக்கை எப்படி நடக்கிறது என்பதை நம் கிராமத்து மக்கள் பார்த்திருக்கிறார்கள்; பெயர்ப் பட்டியலை உரக்க வாசித்து, வேலை செய்தவரையே நேரில் கேட்பார்கள். இல்லங்களிலும் அடிப்படை அதுவாகவே இருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போவது தணிக்கை ஆகாது. தணிக்கைக் குழுவில் மாற்றுத்திறனாளிகளும், அந்த இல்லத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒரு சிறப்பாசிரியரும் இருக்க வேண்டும். மனநல நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை என்றும், குழந்தைகள் இல்லங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் ஆய்வுக்குழு வருகை என்றும் அந்தந்தச் சட்டங்களில் கால அளவு உள்ளது. அந்த அறிக்கைகளையும் தகவல் மனுவில் கேட்கலாம்.

பேச இயலாத ஒருவரிடம் எப்படிக் கேட்பது?

வாய்ப்பேச்சு இல்லை என்பதால் கருத்து இல்லை என்று ஆகிவிடாது. படங்கள், சைகை, ஆம்-இல்லை அட்டைகள், தலையசைப்பு என்று அவரவர்க்கு ஒரு வழி உண்டு. அதை அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, இல்லப் பணியாளர்கள் இல்லாத இடத்தில், அவசரப்படாமல் கேட்க வேண்டும். உதவியாளர் ஒருவர் உள்ளே வந்ததும் அவர் முகம் மலர்கிறதா, உடல் சுருங்குகிறதா என்பதும் ஒரு பதில்தான். ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவு கட்டாமல், பலநாள் பார்த்து எழுதிவைத்த குறிப்போடு ஒப்பிட வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் அலுவலக அறையில் அமர்ந்து, காபி குடித்து, நிர்வாகியிடம் மட்டும் பேசிவிட்டுக் கையெழுத்திடுவது இன்றும் நடக்கிறது. அறிக்கையில் "அங்கே வாழ்பவர்களோடு பேசப்பட்டதா, எந்த முறையில்" என்ற ஒரு பத்தி கட்டாயமானால் இந்தப் பழக்கம் மாறத் தொடங்கும்.

கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் யாரிடம் போக வேண்டும்?

உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 112. அதற்கு அடுத்தபடி, பலருக்கும் தெரியாத, ஆனால் மிக விரைவான வழி 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு. மாற்றுத்திறனாளி ஒருவர் மீது வன்முறையோ சுரண்டலோ நடந்தது, நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் நிர்வாக நடுவருக்குத் தெரிவிக்கலாம். உறவினராக இருக்க வேண்டிய அவசியமில்லை. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய மூன்று வருவாய்க் கோட்டங்களிலும் உள்ள கோட்டாட்சியர்களுக்கு அந்த அதிகாரம் உண்டு. கொடுமையை உடனே நிறுத்தவும், பாதிக்கப்பட்டவரைக் காவல்துறை மூலமாகவோ தகுந்த அமைப்பின் மூலமாகவோ மீட்கவும், அவருடைய பராமரிப்புக்கு ஏற்பாடு செய்யவும் அவர் ஆணையிடலாம்.

திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம். சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குத் தாமாகவே விசாரிக்கும் அதிகாரமும், ஆட்களை அழைத்து ஆவணங்களைக் கேட்பதில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரிய அதிகாரமும் உண்டு. அவருடைய பரிந்துரையின் மீது சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தது என்று தெரிவிக்க வேண்டும். வழக்குரைஞருக்குச் செலவழிக்க முடியாது என்ற கவலை வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மனுவில் நாள், நேரம், இடம், கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, பிறர் சொன்னது என்று பிரித்து எழுதுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் குறிக்கச் செய்யுங்கள்.

பாதிக்கப்பட்டது குழந்தை என்றால்?

1098 குழந்தைகள் உதவி எண். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின்கீழ் அறிந்தவர் எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். நிறுவனத் தலைவர் மறைத்தால் அவரும் குற்றவாளி. மாற்றுத்திறனுள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சிறப்பாசிரியரின் உதவியைக் கேட்டுப் பெறலாம். "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்ற பேச்சுக்கு இணங்கவே கூடாது.

புகார் கொடுத்தால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களே?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இது. வயதான தாய் தனியாக இருக்கிறார், மகனுக்கு முப்பது வயது, பலசாலி, வேறு இல்லம் கிடைக்காது என்ற நிலையில், கையில் உள்ள தழும்பைப் பார்த்தும் பார்க்காததுபோல் அவர் திரும்பி வருவதைக் கண்டிருக்கிறேன். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. போக வேறு இடம் இல்லாதபோது புகார் செய்யும் உரிமை ஏட்டளவில்தான் இருக்கும்.

ஆகவே நடைமுறைக்கு ஒத்துவரும் சிலவற்றைச் சொல்கிறோம். தனியாகப் புகார் கொடுக்காமல் பெற்றோர் சேர்ந்து கொடுங்கள்; நிர்வாகம் ஒரே ஒரு பிள்ளையைக் குறிவைக்க முடியாது. பெற்றோர் அல்லாத ஒருவரும் 7ஆவது பிரிவின்கீழ் தெரிவிக்கலாம் என்பதைப் பயன்படுத்துங்கள். ஓர் இல்லத்தின் பதிவு ரத்தானால், அங்கே இருப்பவர்களைப் பெற்றோரிடமோ வேறு இல்லத்திலோ சேர்க்க ஆணையிட 52ஆவது பிரிவில் அரசுக்கு அதிகாரம் உண்டு; "மூடிவிட்டால் நடுத்தெருவில் நிற்பீர்கள்" என்ற மிரட்டலுக்கு அதுவே பதில். அதே சமயம், கண்காணிப்பு என்றாலே பூட்டுப்போடுவது என்று அலுவலர்களும் எண்ணக் கூடாது. ஆள் போதாமல் தடுமாறும் சிறிய இல்லத்துக்குப் பயிற்சியும் கூடுதல் பணியாளருக்கான நிதியும் கொடுத்து, காலக்கெடு வைத்து, மறுபடி போய்ப் பார்ப்பதுதான் பெரும்பாலான இடங்களுக்குப் பொருத்தமான நடவடிக்கை. உலக வங்கி நிதியுதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையங்கள் வீட்டுக்கு அருகில் பயிற்சியும் சிகிச்சையும் தருமளவுக்குப் பெருகினால், இல்லத்தை விட்டால் கதியில்லை என்ற நிலை குறையும்.

பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டது. இன்னும் நான்தானே பாதுகாவலர்?

சட்டப்படி அல்ல. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெறலாம். பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரத்தைத் தாக்கல் செய்து, ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்; பராமரிக்காமல் விட்டாலோ சொத்தைக் கையாடினாலோ நீக்கப்படுவார். அண்ணனோ சித்தப்பாவோ பாதுகாவலராக இருந்துகொண்டு உதவித்தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களில் இந்த நீக்கும் வழியை உறவினர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு கடலூரில், பிள்ளை இருக்கும் இல்லம் புதுச்சேரியில். யாரிடம் புகார் செய்வது?

கடலூரிலிருந்து வடக்கே சற்றுத் தூரம் போனாலே பாகூர் கொம்யூன், அதாவது புதுச்சேரி ஆட்சிப்பகுதி. இல்லம் எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த அரசே பொறுப்பு. ஆகவே புதுச்சேரி அரசின் சமூக நலத்துறை, புதுச்சேரி காவல்துறை, அங்குள்ள நிர்வாக நடுவர் ஆகியோரிடம் போக வேண்டும். மத்தியச் சட்டங்கள் இரண்டிடத்திலும் ஒன்றுதான். தமிழ்நாட்டுச் சட்டங்களும் விதிகளும் அங்கே செல்லா. ஓரிடத்தில் அனுமதி மறுக்கப்பட்டவர் எல்லை தாண்டிப் புதுப் பெயரில் தொடங்குவதைத் தடுக்க, இரு அரசுகளும் பதிவு மறுப்பு, ரத்து ஆகிய விவரங்களைப் பரிமாறிக்கொள்வது இப்பகுதிக்கு மிகத் தேவையானது.

புயல், வெள்ளக் காலத்தில் இல்லங்களை யார் கவனிக்கிறார்கள்?

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் ஆகியவற்றைக் கண்ட மாவட்டம் இது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவு பேரிடர்க் காலத்தில் சமமான பாதுகாப்பை உறுதி செய்கிறது. நடைமுறையில், சத்தத்துக்கு அஞ்சும் ஆட்டிசம் உள்ள ஒருவரைக் கூட்டமும் இரைச்சலும் நிறைந்த நிவாரண முகாமில் உட்காரவைத்தால் அவர் கட்டுக்கடங்காமல் போவார், உடனே கயிறு வரும். மழைக்காலத்துக்கு முன்பே எங்கே மாற்றுவது, யார் உடன் போவது, வலிப்பு மருந்து எத்தனை நாளுக்குக் கையிருப்பு என்ற திட்டம் ஒவ்வொரு இல்லத்திலும் எழுத்தில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அளவில் சரிபார்க்க வேண்டும்.

இத்தகைய வெளிக்கண்காணிப்பு வேறெங்காவது நடைமுறையில் உள்ளதா?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், அரசு நடத்திய ஒரு மையத்திலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் கைவிலங்கும் கால்தளையும் பூட்டப்பட்டதை எதிர்த்துப் பெற்றோர் 2009இல் வழக்குத் தொடுத்தார்கள். 2011இல் உடன்பாடு ஏற்பட்டு, அந்த மையம் மூடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக நேர்முறை ஆதரவுக்கென ஒரு விதித்தொகுப்பு 2015 ஆகஸ்ட் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அவசரத்தில் ஒருவரை உடலால் பிடித்து நிறுத்தினால் அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்; வெளி வல்லுநர் குழு ஒன்று அவற்றைப் படித்து, அந்த மனிதருக்கு ஆதரவு எங்கே குறைகிறது என்று இல்லத்தோடு பேசும். குற்றவாளியைத் தேடுவதைவிட, அடுத்த முறை பிடிக்க நேராமல் செய்வதே அக்குழுவின் வேலை. அவர்களிடம் உள்ள பணமும் ஆள்பலமும் நம்மிடம் இல்லை. ஆனாலும் ஒரு பதிவேடு, ஒரு வெளிக்குழு என்ற இரண்டுக்கும் பெரும்பொருள் தேவையில்லை. ஓய்வுபெற்ற சிறப்பாசிரியர், மனநல மருத்துவர், பெற்றோர் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மாவட்டத்துக்கு ஒரு குழுவை ஆட்சியரே அமைக்கலாம்.

ஊராட்சியும் நகராட்சியும் இதில் என்ன செய்யலாம்?

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. தம் பகுதியில் எத்தனை இல்லங்களும் மையங்களும் இயங்குகின்றன என்ற பட்டியலைத் தயாரிப்பதை அந்த உறுப்பினர்கள் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவில்லாத இடம் இருப்பது பெரும்பாலும் முதலில் அக்கம்பக்கத்தாருக்குத்தான் தெரியும். கட்டட உறுதி, தீயணைப்பு வழி, குடிநீர், கழிவுநீர் ஆகியவை உள்ளாட்சியின் பார்வைக்கு உட்பட்டவை என்பதால் அந்த வகையில் உள்ளே போகவும் வாய்ப்பு உண்டு. கிராம சபையில் பட்டியலை வாசித்து, பதிவு காலாவதியான இடங்களின் விவரத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்பத் தீர்மானம் போடலாம். தீர்மான நகலில் நாளும் எண்ணும் இருக்கட்டும், ஏனென்றால் அடுத்த கிராம சபையில் அதன் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க முடியும்.